மறுபடியும் அதே இடத்தில் ஆயில்

இது கதையில்லை. நடந்தது. நடந்த இடம் என் சொந்த ஷெட். நடந்த நேரம் மதியம் 2:47. பேய் என்றால் நடுராத்திரிதான் வரும், நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். அன்று வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்து வெல்டிங் கடையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. என் மச்சினன் டீ குடிக்கப் போயிருந்தான். அப்போதுதான் அது நடந்தது. இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவன் நான். என் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது, உங்கள் காதில் சுற்ற எனக்கு நேரமும் இல்லை.

வண்டி ஒரு டீச்சருடையது. டர்போ வைத்த டீசல் கார். பழையதாக வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. டீச்சருடைய அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மலைப்பாதையைத் தாண்டி எழுபது கிலோமீட்டர் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். திரும்பும்போது அவருக்குத் தலை நிற்காது, பஸ் சரிப்படாது. அதனால் அந்த கார்தான் அவருடைய உயிர். முதல் நாளே டீச்சர் இதை என்னிடம் சொல்லிவிட்டார். "வண்டி நின்னா அப்பா நின்னுடுவாருண்ணே" என்றார். அந்தப் பேச்சு என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

கோளாறு சின்னதுதான். ஆயில் லீக். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற ஒரு சின்ன விசிறி. பார்க்க நத்தை ஓடு மாதிரி இருக்கும். கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில் சுற்றும். அது சுற்றுவதற்கு ஆயில் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். அந்த ஆயில் வெளியே கசிந்தால், பழுக்கக் காய்ந்த இரும்பில் விழுந்து தீப்பிடிக்கும். உள்பக்கம் கசிந்தால் அதைவிட மோசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வண்டியில் ஆயில் வந்தது ஒரே இடத்தில். ஏர் ஃபில்டரிலிருந்து காற்றைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ், டர்போவின் வாயில் போய்ச் சேருகிற மூட்டு. முதல் தடவை கேஸ்கட் மாற்றினேன், செப்பு வாஷர்கள் மாற்றினேன், ஆயில் திரும்பி வருகிற குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டீங்க டீச்சர்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

ஒன்பதாவது நாள் வந்து நின்றார். அதே மூட்டு. அதே ஆயில்.

பானெட்டைத் திறந்ததும் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கிளிப். ரப்பர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற உலோக வளையம், அதில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அந்த ஸ்க்ரூவின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மெக்கானிக்கின் கையெழுத்து மாதிரி. நான் எப்போதும் கீழே, வலது பக்கம் பார்க்க வைப்பேன். என் கைக்கு அதுதான் வசதி. இந்த வண்டியில் அது மேலே, இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. லேசாகத் தளர்ந்தும் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. வேறொருவன் கை வைத்திருக்கிறான்.

"வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா டீச்சர்?"

"இல்லையே."

"பரவால்ல, உண்மையைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

டீச்சருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அந்த மூடியை எப்படித் திறக்கறதுன்னே எனக்குத் தெரியாது. பூட்டின கேட்டுக்குள்ளதான் வண்டி நிக்குது. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

நான் நம்பவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். எஞ்சினுக்குள் சேருகிற காற்றை வெளியே விடுகிற பிரீத்தர் வால்வை மாற்றினேன். பல வண்டிகளில் அது அடைத்துக்கொண்டால் இந்த மூட்டில் ஆயில் கசியும். ஆனால் கழற்றிப் பார்த்தபோது பழைய வால்வு நன்றாகவே இருந்தது. அதாவது எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தொழிலில் பலரும் செய்கிற அசிங்கமான காரியம். எஞ்சினுக்கு வாட்டர் வாஷ் போட்டு, காற்றடித்து, பளபளவென்று துடைத்துக் கொடுத்துவிட்டேன். காய்ந்த எஞ்சினைப் பார்த்தால் யாருக்கும் லீக் தெரியாது. டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதிலிருந்து பதினோராவது நாள், புதன்கிழமை, காலை 10:15. மூன்றாவது தடவை வந்தார். மலை ஏறும்போது பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்ததாம். அப்பா இருமி இருமிச் சுருண்டுவிட்டாராம்.

இந்தத் தடவை அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும். வண்டி போகுமா போகாதான்னு மட்டும் சொல்லுங்கண்ணே."

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க டீச்சர். ரெடியா இருக்கும்."

வாய் சொல்லிவிட்டது. மனது சொல்லவில்லை. பானெட்டைத் திறந்தேன். கிளிப் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. இடது பக்கம். தளர்ந்து.

என் மச்சினன் எட்டிப் பார்த்தான். என் மனைவியின் தம்பி. வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. "மாமா, இந்த வண்டிக்கு உங்கமேல காதல். அதான் பத்து நாளைக்கு ஒருக்கா வந்து நிக்குது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேசாம இன்னொரு வாஷ் போட்டுக் குடுத்துடலாம். நாளைக்கு மட்டும் போய்ட்டு வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

அவனைத் திட்டினேன். ஆனால் எனக்குள்ளும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி வரை பார்ப்போம், அகப்படவில்லை என்றால் வாஷ் போட்டுவிடுவோம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

கடைசி முயற்சியாகச் சாயம் போட முடிவு செய்தோம். ஆயிலோடு ஒரு சொட்டுச் சாயம் கலந்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, யூவி டார்ச் என்கிற ஊதா வெளிச்ச டார்ச்சை அடித்துப் பார்த்தால், ஆயில் கசிகிற இடம் பச்சையாக ஜொலிக்கும். அதற்கு ஷெட் இருட்டாக இருக்கவேண்டும். கண்ணில் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். தரை கொஞ்சம் மேடுபள்ளம். மச்சினன் ஒரு பலகையை எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்தான். அது எந்தப் பலகை என்று நான் கவனிக்கவில்லை.

1:50. கிளிப்பை என் கையால் திருப்பினேன். கீழே, வலது பக்கம். நன்றாக முறுக்கினேன். ஹோஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

2:05. டிக்... டிக்... டிக்...

சூடான எஞ்சின் ஆறும்போது வருகிற சத்தம் அது. எல்லா மெக்கானிக்கின் காதுக்கும் பழகிய சத்தம். நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. காலையில் டீச்சர் விட்டுப் போனதிலிருந்து எஞ்சினை ஓட்டவே இல்லை. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"கேக்குதாடா?"

"எலியா இருக்கும் மாமா."

எலிக்கு அவ்வளவு ஒழுங்காகத் தட்டத் தெரியாது.

2:20. எக்ஸாஸ்ட் புகைக்கு நீளமான குழாய் மாட்டி ஜன்னல் வழியாக வெளியே விட்டோம். சாயத்தை ஊற்றினேன். கையில் நீல ரப்பர் கிளவுஸ். ஊற்றி முடித்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய கிளவுஸ் மாட்டிக்கொண்டேன். இது எப்போதும் செய்வதுதான். கையில் சாயம் இருந்தால் தொட்ட இடமெல்லாம் ஜொலித்து ஏமாற்றிவிடும்.

2:26. ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. மச்சினன், "ஒரு டீ அடிச்சுட்டு வந்துடறேன்" என்று வெளியே போய், ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டான்.

இருட்டு. நானும் எஞ்சினும் மட்டும்.

2:38. டார்ச்சை அடித்தேன். சுத்தமாக இருந்தது. டர்போவின் அடியில் ஒன்றுமில்லை. குழாய்களில் ஒன்றுமில்லை. மெதுவாக வெளிச்சத்தை மேலே கொண்டுவந்தேன்.

மூட்டில் பச்சை மினுங்கியது. மெல்லிய ஒரு கோடு.

அப்பாடா என்று இருந்தது. பிறகு கிளிப்பைப் பார்த்தேன். ஸ்க்ரூவின் தலை மேலே இருந்தது. இடது பக்கம்.

ஐம்பது நிமிடத்துக்கு முன்னால் நான் திருப்பி வைத்த கிளிப்.

அதன்மேல் ஒரு பச்சைப் புள்ளி. குனிந்து பார்த்தேன். ரேகை தெரிந்தது. விரல் ரேகை.

என் கிளவுஸைப் பார்த்தேன். சுத்தம். ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

டார்ச்சை நகர்த்தினேன். எஞ்சினின் கறுப்பு பிளாஸ்டிக் மூடியில்... பச்சையாக ஒரு முழு உள்ளங்கைத் தடம். இடது கை. ஊன்றி நின்ற மாதிரி, அழுத்தமாக.

மோதிர விரல் பாதிதான் இருந்தது.

என் இடது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் முழுசு.

"டேய்!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வெல்டிங் கடை ரேடியோ மட்டும்.

2:44. டார்ச்சைக் கொஞ்சம் தள்ளினேன். பேட்டரிமேல் இன்னொரு கைத்தடம். திரும்பவும் மூடியைப் பார்த்தேன்.

மூடியில் இப்போது இரண்டு கைகள் இருந்தன.

இரண்டாவது, ஹோஸுக்குப் பக்கத்தில். ஈரமாக. ஓரம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

2:47. எஞ்சின் சத்தம் மாறியது.

ம்ம்ம்ம்ம்... என்று மெல்ல ஏறியது. யாரும் ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை. ஏறிக்கொண்டே போனது. வண்டி ஸ்டாண்டின்மேல் உதறியது. ஓடிப்போய்ச் சாவியைத் திருகி உருவினேன்.

நிற்கவில்லை.

சாவி என் கையில். எஞ்சின் அலறுகிறது. ங்ங்ஙீஈஈ...

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். டர்போவின் உள்பக்கம் ஆயில் கசிந்தால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்துவிடும். டீசலும் வேண்டாம், சாவியும் வேண்டாம். வெடிக்கும்வரை தறிகெட்டு ஓடும். கியர் போட்டு நிறுத்தலாம் என்றால் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. ஒரே வழி, காற்று போகிற வாயை அடைப்பது. அதற்கென்றே ஷெட்டில் ஒரு பலகை வைத்திருக்கிறோம்.

பலகை, ஸ்டாண்டுக்கு அடியில் இருந்தது.

ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. ஷட்டர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஹோஸைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் கையோடு வந்தது. கிளிப் தளர்ந்துதான் இருந்தது.

டர்போவின் வாய் திறந்து கிடந்தது. காற்றை உறிஞ்சுகிற சத்தம். உள்ளே கத்திமாதிரி விசிறி.

கையை வைக்கக்கூடாது. முதல் வருடமே சொல்லித்தருகிற பாடம். தெரியும். ஆனால் வேறென்ன செய்வது?

கையை நீட்டினேன்.

அந்த நொடி...

பின்னால் போய் விழுந்தேன். முதுகு சுவரில் மோதியது.

எஞ்சின் கூவ்வ்க்... என்று திணறியது. யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி.

நின்றது.

2:49.

டிக்... டிக்... டிக்...

ஷட்டர் மேலே போனது. மச்சினன் புகைக்குள் ஓடிவந்தான். "மாமா! என்னாச்சு மாமா?"

"வழுக்கி விழுந்துட்டேன்டா. ஆயில்ல."

"எஞ்சினை எப்படி நிறுத்தினீங்க?"

டார்ச் இன்னும் என் கையில் எரிந்துகொண்டிருந்தது. வெயில் உள்ளே வந்துவிட்டதால் எங்கேயும் பச்சை தெரியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு டீச்சர் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னேன். போன தடவை காரணம் தெரியாமல் வாஷ் போட்டுக் கொடுத்தேன் என்றேன். இந்த வண்டியைத் தரமாட்டேன் என்றேன். "நாளைக்கு அப்பாவை எப்படிக் கூட்டிட்டுப் போறதுண்ணே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வேனில் நானே அவருடைய அப்பாவை அழைத்துப் போனேன். டர்போ மாற்றுகிற வரை மூன்று வாரமும் அப்படித்தான். பெரியவர் வழியெல்லாம் தூங்கினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய டர்போவைக் கழற்றிப் பார்த்தோம். தண்டு தேய்ந்து ஆடியது. ஆயிலைத் தடுக்கிற சீல் உள்ளே போயே போய்விட்டது. இவ்வளவு நாள் ஆயில் உள்ளேதான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கிளிப் இறுக்கமாக இருந்திருந்தால் ஒரு சொட்டும் வெளியே வந்திருக்காது. டீச்சரும் என்னிடம் வந்திருக்கமாட்டார். ஒருநாள் அந்த மலைப்பாதையில், பெரியவரோடு...

அப்படியென்றால் கிளிப்பைத் தளர்த்தியது யார்? இந்தக் கேள்வி என்னைச் சாப்பிடவிடவில்லை.

எஞ்சின் பிளாக்கின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்டில் 41 என்று எழுதியிருந்தது. எஞ்சின் நம்பரும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த நம்பரும் ஒத்துப்போகவில்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற யார்டில்தான் அப்படி நம்பர் போடுவார்கள். வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டிய எஞ்சின். விசாரித்து விசாரித்து அந்த யார்டைக் கண்டுபிடித்தேன்.

யார்டுக்காரர் நல்ல மனிதர். நம்பரைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாப்பத்தொண்ணா? அதை உருக்கத்தானே சொன்னேன்... யாரு வித்தா அதை?"

"என்னண்ணே அதுல?"

"நம்ம லெஃப்ட்டு செத்தது அந்த எஞ்சின்லதான்."

லெஃப்ட்டு அவருடைய நண்பர். மெக்கானிக். எல்லாமே இடது கையால் செய்வாராம், அதனால் அந்தப் பெயர். அந்த எஞ்சின் அப்போது வேறொரு காரில் இருந்தது. டர்போ மூட்டில் ஆயில் வருகிறது என்று லெஃப்ட்டுவிடம் வந்ததாம்.

"ரெண்டு தடவை வாஷ் போட்டுக் குடுத்தான். என்கிட்டயே சொல்லிச் சிரிச்சான். மூணாவது தடவை வந்தப்ப, ஷெட்டுக்குள்ளயே தறிகெட்டு ஓடிடுச்சு. தனியா இருந்தான். ஏர் போற வாயைக் கையாலயே பொத்திட்டான்."

"அப்புறம்?"

"நாங்க கதவை ஒடைச்சுத் திறந்தப்ப எஞ்சின் நின்னுருந்துச்சு." அவர் தரையைப் பார்த்தார். "அவனும் நின்னுக்கிட்டுதான் இருந்தான். கை அந்த வாயிலேயே ஒட்டியிருந்துச்சு. இழுத்துத்தான் எடுத்தோம். டாக்டர் ஹார்ட்டுன்னாரு."

"அவருக்கு விரல்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் தன் இடது கையை விரித்து, மோதிர விரலைப் பாதியில் மடக்கிக் காட்டினார். "ஃபேன் பெல்ட்ல போனது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி இரண்டு தடவை துவைத்துவிட்டாள். "ஆயில் கறை போகவே மாட்டேங்குதுங்க" என்றாள். சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன். டார்ச்சை அடித்தேன்.

மார்புக்கு நடுவில், பச்சையாக, ஒரு உள்ளங்கை. நான்கரை விரல்.

நான் வழுக்கி விழவில்லை.

என்னைக் காப்பாற்றத் தள்ளினாரா, தன் இடத்தில் இன்னொருவன் கை வைக்கக்கூடாது என்று தள்ளினாரா? எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு என் ஷெட்டில் காரணம் தெரியாமல் எந்த எஞ்சினுக்கும் வாஷ் போடுவதில்லை. மச்சினன்கூட அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நான்கு மாதம் கழித்து டீச்சர் சாதாரண சர்வீஸுக்கு வண்டியைக் கொண்டுவந்தார். பெரியவர் முன் சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார். லீக் இல்லை, புகை இல்லை. சந்தோஷமாக பானெட்டைத் திறந்தேன்.

புது டர்போ. புது ஹோஸ். புது கிளிப். கீழே, வலது பக்கம் பார்க்க நான் மாட்டியது.

மேலே பார்த்துக்கொண்டிருந்தது. இடது பக்கம்.

ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை தளரவில்லை. நான் இறுக்கியதைவிட அரைச் சுற்று அதிகமாக இறுக்கியிருந்தது.

நான் அதைத் தொடவில்லை. அப்படியே பானெட்டை மூடிவிட்டேன்.